ஈயும் சேவலும்

ஷா ஆலமில் என் இரண்டாம் ஆண்டு வகுப்பில் கியூபா நாட்டு நாடோடிக் கதையொன்றைச் சொன்னேன். லூசியா கொன்சாலெஸ் எழுதி, லூலு டெலாக்ரே படம் வரைந்து 1994இல் வெளிவந்த நூல் அது. படங்களைக் காட்டித் தமிழில் சொன்னேன்.

மாமன் கல்யாணத்துக்குப் புறப்பட்ட சேவல், சேற்றிலிருந்த சோளத்தைக் கொத்தி அலகை அழுக்காக்கிக்கொள்கிறது. அதைத் துடைக்கப் புல் மறுக்கிறது. புல்லைத் தின்ன ஆடு மறுக்கிறது. ஆட்டை அடிக்கக் கம்பு, கம்பை எரிக்க நெருப்பு, நெருப்பை அணைக்கத் தண்ணீர், எல்லாமே மறுக்கின்றன. தினமும் தன்னைப் பாடி வரவேற்கும் சேவலுக்காகச் சூரியன்தான் உதவ வருகிறது.

"டீச்சர், எங்க பாட்டி சொல்ற ஈ கதை மாதிரியே இருக்கு!" என்றான் ஒரு பையன். பெயரை மறந்த ஈ, கன்று, பசு, மேய்ப்பவன் என்று ஒவ்வொருவராகக் கேட்டுப்போய், குதிரையின் கனைப்பில் தன் பெயரைக் கண்டுபிடிக்கும் கதை!

பாட்டியை வகுப்புக்கு அழைத்தேன். பால்மரம் சீவிய கைகள். "எழுதப் படிக்கத் தெரியாதவ நான், என்னம்மா சொல்லிக் குடுக்கப் போறேன்?" என்று கூசினார். ஆனால் கதையைத் தொடங்கியதும் வகுப்பே அவர் வசமானது.

பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் படம் வரைந்தார்கள். தைத்துப் புத்தகமாக்கினோம். அட்டையில் பாட்டியின் பெயர். அந்த எழுத்துகளை அவர் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

1978இல் சிலாங்கூரின் தலைநகரான இவ்வூர், முன்பு ரப்பரும் செம்பனையும் நின்ற மண். மரங்கள் போயின; லயங்கள் போயின. கதைகளும் போகலாமா?

இன்றிரவே உங்கள் வீட்டுப் பாட்டியிடம் ஒரு கதை கேளுங்கள். பிள்ளையின் கையில் வண்ணப் பென்சிலைக் கொடுங்கள்.