தேர்ச்சீலை தைக்கிறோம், தாங்கிப் பிடிக்க ஆள் வேணும்

 

இந்த வருஷம் தேர்ச்சீலையை நாங்களே வீட்டில் தைக்கிறோம்னு சொன்னதும் பலர் கேட்டது, "அவ்வளவு பெரிய துணி வீட்டு மிஷின்ல போகுமா?" போகும். மிஷினுக்குப் பெரிசு சின்னது தெரியாது, கனம்தான் தெரியும்.

ஊரில் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தேர்ச்சீலை, தொம்பை செய்வது தனித் தொழில். துணிமேல் துணி வெட்டி வச்சுத் தைப்பாங்க. கையால் வண்ணம் தீட்டுறவங்களும் உண்டு. கருப்பூர் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. அங்கேயிருந்து வரவழைக்கலாம். ஆனா நம்ம தேரோட அளவு பூரா கையிலேயே வச்சிருக்கிற அக்கா ஒருத்தர் இங்கே சிரம்பானில் இருக்காங்க. லாபு பக்கம் தோட்டத்து லயத்தில் பழைய சேலையை அடுக்கிப் போர்வை தைச்சுப் பழகினவங்க, இப்ப வயசு எழுபதைத் தாண்டிடுச்சு. போன மாசம் தோள் வலியில், "என்னால முடியலம்மா, இதோட போதும்"னு சொல்லிட்டாங்க. அவங்க நிறுத்தினா அந்தக் கைவேலை அவங்களோட நின்னுடும். எங்களுக்கு அதுதான் பயம்.

15 அடிக்கு 10 அடி வெல்வெட், உள்ளே லைனிங் சேர்த்து நிறுத்தால் 6 கிலோவுக்கு மேல. மேசையை விட்டுத் தரையில் தொங்கினால் அந்தக் கனம் முழுக்க ஊசியை இழுக்கும். அடியில் இருக்கிற பல் தள்ளப் பார்க்கும், துணி நகராது. தையல் பொடிசாகும், ஊசி வளைஞ்சு தகட்டில் இடிச்சு உடையும். அப்ப தைக்கிறவங்க என்ன செய்வாங்க? கையால் தூக்குவாங்க. தோள் போறது அங்கேதான்.

செனாவாங்கில் ஃபேக்டரி லைனில் நாங்க தினமும் சொல்றதுதான்: கனத்தை மேசை சுமக்கட்டும், கை வழி மட்டும் காட்டட்டும். மிஷினுக்கு இடது பக்கமும் பின்னாலும் மேசை போட்டோம். மிஷின் மேசையைவிட உயரமா நிக்கும் இல்லையா, அந்த உயரத்துக்கு ஸ்டைரோஃபோம் பலகை அடுக்கிச் சமம் பண்ணினோம். (பாட்டி காலத்து மிதி மிஷினில் இந்தத் தொல்லையே இல்லை, அது பலகையோட பலகையா உட்கார்ந்திருக்கும்.) வலது பக்கம் போற துணியை இறுக்கமா சுருட்டிக்கணும். நடுவிலிருந்து வெளியே தைச்சுக்கிட்டு வந்தால் சுருக்கம் ஓரத்துக்குப் போயிடும். 16-ம் நம்பர் ஊசி, தையல் நீளம் மூணரை மில்லிமீட்டர். வெல்வெட் வழுக்கும், அதனால மேலேயும் பல் வச்ச 'வாக்கிங் ஃபுட்' போட்டால் நல்லது. போர்வையைத் தோளில் போட்டுத் தைக்கிறவங்க இருக்காங்க. மெல்லிசுக்குச் சரி, வெல்வெட்டுக்கு வேண்டாம்.

இவ்வளவு செஞ்சும் ஒரு ஆள் எதிரே நிக்கணும். இழுக்கக் கூடாது, அது தரையில் தொங்குறதைவிட மோசம். ஊசிக்கு முன்னால துணி கொஞ்சம் தளர்ந்து குவிஞ்சு கிடக்கணும், அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை இப்படி வச்சு அக்கா ரெண்டு துண்டு முடிச்சாங்க. எழுந்து தோளைத் தடவிப் பார்த்துட்டு, மூணாவதை எடுங்கன்னாங்க.

தைப்பூசத்துக்குள் இன்னும் மூணு இருக்கு. தைக்கத் தெரியணும்னு இல்லை. மடக்கு மேசையோ ஐயர்ன் போர்டோ இருந்தா தூக்கிட்டு வாங்க, சாப்பாடு நாங்க பார்த்துக்கிறோம். வர்றவங்க கையில் குங்குமம், எண்ணெய் இல்லாம கழுவிட்டு வாங்க. வெல்வெட்டில் பட்டா லேசில் போகாது.