டாக்டர், எந்த போர்பன் வாங்கலாம்?

கென்டக்கியில் மருத்துவராக வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் போதும். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், விமானத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்.. எல்லாரும் கேட்பது ரெண்டே கேள்விதான்.

ஒன்று, "சுகர் மாத்திரையை நிறுத்திடலாமா டாக்டர்?"

ரெண்டாவது, "நல்ல போர்பன் எது? எவ்வளவு காசு கொடுக்கலாம்?"

முதல் கேள்விக்கு பல தடவை எழுதியாச்சு. (நிறுத்தாதீங்க.) இன்றைக்கு ரெண்டாவது கேள்வி. கொஞ்சம் நீளமான இழை, நேரம் இருக்கும்போது படிங்க.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டியதில்லை. மது உடம்புக்கு நல்லது என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் கிடையாது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம் என்று 7 இடத்துப் புற்றுநோய்க்கும் மதுவுக்கும் தொடர்பு உண்டு. "பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது" என்று உலக சுகாதார நிறுவனமே 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது.

அப்புறம் நீ ஏன் ருசி பார்க்கிறாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிடிக்கிறது, அதனால். மருந்து என்று சொல்லி அல்ல. இந்த ரெண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதுதான் இந்த இழையின் பாதி விஷயம்.

சரி.. விஷயத்துக்கு வருவோம்.

போர்பன் என்றால் என்ன?

அமெரிக்காவில் செய்த விஸ்கி. தானியக் கலவையில் குறைந்தது 51% மக்காச்சோளம் இருக்கணும். உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் ஊறப் போடணும். ஒரு தடவை பயன்படுத்திய பீப்பாய் கூடாது. நிறத்துக்கோ மணத்துக்கோ வேறு எதுவும் சேர்க்கக் கூடாது. சேர்க்க அனுமதி தண்ணீருக்கு மட்டும்தான்.

கென்டக்கியில்தான் செய்யணும் என்று சட்டமில்லை. அமெரிக்காவுக்குள் எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். எங்க ஊர்க்காரங்ககிட்ட இதைச் சொன்னால் முகம் சுருங்கும், ஆனால் உண்மை அதுதான்.

வடித்து எடுக்கும்போது சாராயம் தண்ணீர் போல நிறமில்லாமல்தான் இருக்கும். அந்தச் செம்பழுப்பு நிறமும், ருசியில் பெரும்பங்கும், மரம் கொடுப்பது. மரத்தில் இருக்கும் லிக்னின் சூட்டில் உடைந்தால் வெண்ணிலா மணம். மரத்துச் சர்க்கரை கருகினால் பாகு மணம். ஓக் லாக்டோன் என்ற பொருளால் தேங்காய் மணம். யூஜெனால் இருப்பதால் கிராம்பு மணம். நம்ம சமையலறைக் கிராம்பில் இருக்கும் அதே யூஜெனால்தான்.

இப்போ லேபிள் படிக்கக் கத்துக்கலாம். மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி பொறுமையாகப் படிக்கணும்.

"ஸ்ட்ரெயிட்" என்று போட்டிருந்தால் குறைந்தது 2 வருடம் பீப்பாயில் இருந்த சரக்கு. 4 வருடத்துக்குக் குறைவு என்றால் வயதை லேபிளில் சொல்லியே ஆகணும். அதாவது வயசே போடாத ஸ்ட்ரெயிட் போர்பன் என்றால் 4 வருடமாவது ஆகியிருக்கிறது என்று அர்த்தம்.

"பாட்டில்ட் இன் பாண்ட்" என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. 1897இல் வந்த சட்டம் இது. அந்தக் காலத்தில் வெறும் சாராயத்தில் புகையிலைச் சாறு, ப்ரூன் பழச்சாறு எல்லாம் கலந்து விஸ்கி என்று விற்றார்கள். அதைத் தடுக்கக் கொண்டுவந்தது. ஒரே டிஸ்டிலரி, ஒரே பருவத்தில் வடித்தது, அரசுக் கண்காணிப்புக் கிடங்கில் 4 வருடமாவது இருந்தது, சரியாக 50% ஆல்கஹால். இந்த நாலும் உத்தரவாதம்.

அடுத்து பாட்டிலின் பின்பக்கம் பாருங்க. "டிஸ்டில்ட் பை" என்பதும் "பாட்டில்ட் பை" என்பதும் ஒன்றல்ல. முன்பக்கம் தாத்தா படம், பண்ணை வீடு, குதிரை எல்லாம் இருக்கும். பின்னாடி பொடி எழுத்தில் "டிஸ்டில்ட் இன் இண்டியானா" என்று இருக்கும். இண்டியானாவில் லாரன்ஸ்பர்க் என்ற ஊரில் ஒரு பெரிய டிஸ்டிலரி இருக்கு. பல பிராண்டுகள் அங்கேதான் சரக்கு வாங்குகின்றன. சரக்கு நல்ல சரக்குதான், அதில் தப்பில்லை. ஆனால் தாத்தா கதைக்குத் தனியாகக் காசு கொடுக்காதீங்க.

கடைசியாக ஆல்கஹால் சதவீதம். 750 மில்லி பாட்டில் 40% என்றால் 300 மில்லி ஆல்கஹால். 50% என்றால் 375 மில்லி. மீதி தண்ணீர். 40% பாட்டிலுக்கும் 50% பாட்டிலுக்கும் ஒரே விலை என்றால், முதல் பாட்டிலில் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம். தண்ணீரை நாமே வீட்டில் கலந்துக்கலாமே!

2013இல் மேக்கர்ஸ் மார்க் கம்பெனி 45%ஐ 42% ஆகக் குறைக்கப் போவதாக அறிவித்தது. சரக்கு பத்தவில்லை, தேவை அதிகம் என்று காரணம் சொன்னார்கள். வாடிக்கையாளர்கள் பொங்கிவிட்டார்கள். சில நாட்களிலேயே முடிவைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 3 சதவீதம்தான். ஆனால் குடிக்கிறவனுக்குக் கணக்கு தெரியும்.

இனி ருசி பார்ப்பது.

நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி அவ்வளவுதான். வெண்ணிலா, செர்ரி, கிராம்பு என்று நாம் சொல்வதெல்லாம் மூக்கு வேலை. வாயில் இருக்கும்போது மணம் தொண்டை வழியாக மூக்குக்குப் பின்பக்கமாக ஏறுகிறது. ஜலதோஷம் பிடித்தால் ரசத்துக்கு ருசி போவது இதனால்தான்.

அந்த எரிச்சல்? அது ருசியே இல்லை. மிளகாய் காரத்தை உணரும் அதே ஏற்பியை (டிஆர்பிவி1) ஆல்கஹாலும் தூண்டுகிறது. அதனால் "தொண்டை எரிஞ்சாதான் நல்ல சரக்கு" என்பது "கண்ணுல தண்ணி வந்தாதான் நல்ல குழம்பு" என்கிற மாதிரி.

நான் செய்கிற முறை இது. சின்ன துலிப் வடிவக் கிளாஸ். 10 மில்லி. மூக்கை உள்ளே விடாமல், வாயை லேசாகத் திறந்து வைத்து முகரணும். பிறகு ஒரு துளி நாக்கில். பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகரணும்.

தண்ணீர் விட்டால் கெட்டுப்போகும் என்பார்கள். இல்லை. 2017இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேர் கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் சேர்த்தால், புகை மணம் தரும் குவையகால் மூலக்கூறு மேல்பரப்புக்கு வருகிறது என்று தெரிந்தது. மூக்குக்கு எட்டும் இடம் மேல்பரப்புதான்.

இன்னொரு சிக்கல் வார்த்தை. அமெரிக்கர்கள் "கிரஹாம் கிராக்கர்", "பட்டர்ஸ்காட்ச்" என்று எழுதுவார்கள். எனக்கு சின்ன வயசில் கிரஹாம் கிராக்கர் யார் கொடுத்தார்? நான் என் நோட்டில் எழுதுவது கருப்பட்டிப் பாகு, வறுத்த வேர்க்கடலை, அல்வாவின் நெய், தேங்காய்ப்பால், சீப்பில் கனிந்த வாழைப்பழம். உங்க மூக்கு உங்க ஊரில் வளர்ந்தது. அந்த ஊர் வார்த்தையில் எழுதுங்க.

மக்காச்சோளம் இனிப்பு தரும். ரை என்கிற தானியம் மிளகு, புதினா, சோம்பு பக்கம் போகும். ரைக்குப் பதிலாகக் கோதுமை சேர்த்தால் மென்மை. மேக்கர்ஸ் மார்க், வெல்லர், எல்லாரும் தேடி அலையும் பாப்பி வான் விங்கிள் எல்லாம் கோதுமைக் குடும்பம்தான். இதில் வெல்லரும் பாப்பியும் ஒரே டிஸ்டிலரியில், ஒரே தானியக் கலவையில் வருபவை. பீப்பாயும் வயதும்தான் வேறு. விலை? மறுவிற்பனையில் பாப்பி ஆயிரக்கணக்கான டாலர்.

வயசு கூடினால் நல்லது என்பதும் முழு உண்மை இல்லை. கென்டக்கி கோடையில் கிடங்கு கொதிக்கும். வருடா வருடம் சரக்கு ஆவியாகிக் குறையும். புது ஓக் வேறு. ரொம்ப வருடம் விட்டால் மரக்கசப்பு மட்டுமே மிஞ்சும், கொதித்துக் கொதித்துக் கடுத்துப்போன டீ மாதிரி.

அப்போ விலை?

2008இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு. எம்ஆர்ஐ மெஷினுக்குள் ஆட்களைப் படுக்க வைத்து ஒயின் கொடுத்தார்கள். ஒரே ஒயினை ஒரு தடவை 10 டாலர் என்றும் ஒரு தடவை 90 டாலர் என்றும் சொன்னார்கள். 90 என்றபோது "இதுதான் நல்லா இருக்கு" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. இன்பத்தைப் பதிவு செய்யும் மூளைப் பகுதியே கூடுதலாக வேலை செய்தது. அதாவது விலையும் நாம் குடிக்கும் பொருளில் ஒன்று!

இதற்கு ஒரே மருந்து, கண்ணை மறைப்பது. மாதம் ஒரு தடவை நாங்கள் அஞ்சு பேர் கூடுவோம். வீட்டுக்காரர் பாட்டில்களைக் காகிதப் பையில் மறைத்து நம்பர் போட்டு வைப்பார். நாலு கிளாஸ், ஆளுக்கு 10 மில்லி. மார்க் போட்டு முடித்த பிறகுதான் பையைக் கழற்றுவோம். கடைசியில் ஒரே கேள்வி: "உன் சொந்தக் காசில் ரெண்டாவது பாட்டில் வாங்குவியா?"

பல மாத நோட்டைப் புரட்டினால் திரும்பத் திரும்ப மேலே வரும் பெயர்கள் சாதாரணமானவை. எவன் வில்லியம்ஸ் பாட்டில்ட் இன் பாண்ட். வைல்ட் டர்க்கி 101. ரையில் ரிட்டன்ஹவுஸ். எதுவும் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கிற பாட்டில் இல்லை. அதைப் போல பத்து மடங்கு விலை உள்ள ஒன்று கடைசி இடம் வந்த நாளும் உண்டு. பெயர் வேண்டாம்.

இப்போ இந்த இழையை எழுத வைத்தவரைப் பற்றிச் சொல்லணும்.

எங்கள் குழுவில் ஒரு மதுரைக்கார அண்ணன். அலமாரியில் நாற்பது பாட்டிலுக்கு மேல். எந்தக் கடையில் எந்த லாரி என்றைக்கு வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ரெண்டு வருடத்துக்கு முன்னால் வழக்கமான பரிசோதனையில் கல்லீரல் என்சைம்கள் ஏறியிருந்தன. ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல். ஏற்கெனவே சர்க்கரை வேறு. அவருடைய மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. "இனி ஒரு துளியும் வேண்டாம்."

என்னிடம் வந்து, "தம்பி, ருசி பார்க்க மட்டும்?" என்றார்.

"இல்லண்ணே. அவர் சொன்னதுதான்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப நான் எதுக்கு வரணும்? உங்க வாயைப் பார்த்துட்டு உக்காரவா?" என்றார். கோபம் இல்லை அது. வாரம் முழுக்க வேலை, பிள்ளைகள் வேற ஊரில், அவருக்கு இருந்த சிரிப்புச் சத்தம் அந்த ஒரு சாயங்காலம்தான்.

"மூக்குக்கு யாரும் தடை போடலியேண்ணே" என்றேன். அவருடைய மருத்துவரிடமும் கேட்டுக்கொண்டோம். அண்ணனுக்குக் குடி அடிமைத்தனம் இல்லை, விட்டபோது கை நடுக்கமோ தவிப்போ இல்லை என்பதை உறுதி செய்த பிறகுதான்.

அண்ணன் வந்தார். நாலு கிளாஸையும் முகர்ந்தார். உதட்டில் வைக்கவில்லை. மார்க் போட்டார். பையைக் கழற்றியபோது நாலையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டியிருந்தார். குடித்த நாங்கள் நாலு பேரும் ஆளுக்கு ரெண்டாவது தப்பு!

இன்றுவரை எங்கள் குழுவின் தலைமை நீதிபதி அவர்தான். என்சைம்கள் இப்போ சரியான அளவில். மகள் கல்யாணத்துக்கு என்று ஒரு பாட்டில் வைத்திருக்கிறார். "நீங்க குடிங்கப்பா, முதல் மோப்பம் என்னுது" என்கிறார்.

அவர் ஆசைப்பட்டது ஆல்கஹாலுக்கு இல்லை, மணத்துக்கும் கூட்டாளிகளுக்கும்தான் என்பது அவருக்கே அப்புறம்தான் தெரிந்தது. உங்களுக்கு எது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

ஒரு எச்சரிக்கை: குடி நோயிலிருந்து மீண்டவர்கள் இதைச் செய்யக் கூடாது. அந்த மணமே மூளையில் பழைய ஏக்கத்தைக் கிளப்பிவிடும். அவர்களை இந்த மேஜைக்கு அழைப்பதும் தவறு. அதே மாதிரி, தினமும் அதிகம் குடிப்பவர்கள் திடீரென்று தாங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு வரலாம். மருத்துவர் துணையோடு நிறுத்துங்க.

அளவுக் கணக்கையும் சொல்லி முடிக்கிறேன்.

அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் என்றால் 14 கிராம் ஆல்கஹால். 50% விஸ்கி 10 மில்லி வீதம் நாலு கிளாஸ் முழுக்க விழுங்கினால் சுமார் 16 கிராம். ஒன்றுக்குச் சற்று மேல். நம்ம ஊர் குவார்ட்டர் 180 மில்லி, 42.8%. கணக்குப் போட்டால் 60 கிராமைத் தாண்டும். அதாவது நாலு டிரிங்குக்கு மேல். "ஒரு குவார்ட்டர்தான் டாக்டர்" என்று சொல்பவர்கள் இதை நினைவில் வைக்கணும்.

தொழில்முறையில் ருசி பார்ப்பவர்கள் துப்பிவிடுவார்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கார் சாவி குடிக்காதவரிடம் இருக்கட்டும். தூக்க மாத்திரை, இன்சுலின், கல்லீரல் பிரச்சினை, கர்ப்பம்.. இதில் எது இருந்தாலும் வேண்டவே வேண்டாம்.

"டாக்டர்களே எழுதிக் கொடுத்திருக்காங்களே?" என்று வரலாறு தெரிந்தவர்கள் கேட்கலாம். உண்மைதான். 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது, அமெரிக்க மருத்துவர்கள் சீட்டு எழுதி 10 நாளைக்கு ஒரு பைன்ட் விஸ்கி வாங்கலாம் என்று இருந்தது. அந்தச் சீட்டில் நோயைவிட தாகம்தான் அதிகம் இருந்திருக்கும். நான் அந்தச் சீட்டை எழுத மாட்டேன்.

சுருக்கமா: குடிக்காதவர்கள் அப்படியே இருங்க. குடிப்பவர்கள், லேபிளைப் படிங்க, விலையை மறைச்சு வைங்க, தண்ணீர் விடுங்க, பாதியாக் குறைங்க. மிச்சமாகும் காசில் வருடத்துக்கு ஒரு தடவை கல்லீரல் பரிசோதனை செஞ்சுக்கோங்க.

கேள்வி இருந்தா கீழே கேளுங்க. சுகர் மாத்திரை பத்தியும் கேட்கலாம்.