நீர் என்பதா, நீ என்பதா

பங்குனியில் ஒரு நாள் ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்கு எழுந்தருளுவார். நாச்சியார் கோயிலில் கமலவல்லித் தாயாரோடு சேர்த்தி சேவை நடக்கும். அது எந்த நாள் என்று பாளையங்கோட்டைத் தமிழாசிரியருக்குத் தெரிந்திருந்தால் வேறு நாள் பார்த்து வந்திருப்பார். தெரியாமல் வந்து, கூட்டத்தில் ஆட்டோ நகராமல் இறங்கி, பாதி வழி வெயிலில் நடந்து வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தார்.

மகளுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளையின் பாட்டி வீடு உறையூரில்தான். லெந்து நாட்களில் கல்யாணம் வைப்பதில்லை, ஈஸ்டர் கழித்துத்தான். அதற்குள் ஒரு எட்டுப் போய்ப் பெரியவர்களைப் பார்த்துவிட்டு வருவது மரியாதை என்று கிளம்பியிருந்தார்.

காலையில் அவர் மனம் வேறு மாதிரி இருந்தது. திருச்சி தூய யோவான் ஆலயத்தில் பேராயர் ஹீபரின் கல்லறை முன்னால் நின்றுவிட்டு வந்திருந்தார். திரித்துவத் திருநாளுக்கு ஹீபர் எழுதிய ஆங்கிலப் பாட்டைத் தமிழில் பாடிப் பாடி வளர்ந்தவர் அவர். 1826 ஏப்ரல் 3 அன்று காலை கோட்டைப் பகுதி ஆலயத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்தி, ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே கூறிவிட்டு, தங்கியிருந்த வீட்டுக் குளியல் தொட்டியில் குளிக்க இறங்கிய ஹீபர் திரும்ப ஏறி வரவில்லை. அப்போது அவருக்கு 42 வயது. அதே ஆண்டில்தான் பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரம் எனப்படும் பேராலயம் எழும்பியது. அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தே கடவுளை நினைத்துப் பழகியவர் ஆசிரியர். அவருக்கு ஆண்டவர் உயரத்தில் இருப்பவர். குரலைத் தாழ்த்தி, கைகட்டிப் பேச வேண்டியவர்.

“கறி மீன் இல்ல தம்பி, லெந்து நாளு” என்று பாட்டி இலை போட்டார். முருங்கைக்கீரைப் பொரியல், வாழைப்பூக் கூட்டு, ரசம். எதிர்ச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தது. தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் அதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. கிறிஸ்துவே இந்த வீட்டுக்குத் தலைவர் என்கிறது முதல் வரி. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி என்கிறது அடுத்தது. எல்லாப் பேச்சையும் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர் என்கிறது மூன்றாவது. இந்தப் பலகையில் பொன்னெழுத்து மங்கி, சட்டத்தின் ஓரம் கறையான் தின்றிருந்தது. முதல் இரண்டு வரிகளை மட்டும் யாரோ பேனாவால் மறுபடி எழுதியிருந்தார்கள்.

பாட்டி கண்ணை மூடினார். நீர் தந்த ஆகாரத்துக்கு ஸ்தோத்திரம் என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். ஒரு மூச்சு விட்டு, குரல் மாறியது.

“அப்பா, நாலு நாளாச்சு. துபாய்ல இருக்கற பய போன் பண்ணல. அவன் எங்க இருக்கான்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே நீ சும்மா இருந்தா எப்படி? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

ஆசிரியருக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரிடம் வாய் கொடுக்கக் கூடாதுதான். ஆனாலும் வந்துவிட்டது. “தப்பா நினைக்காதீங்கம்மா. ஆண்டவரை நீன்னு சொல்லலாமா?”

பாட்டி சோற்றைப் பரிமாறிக்கொண்டே கேட்டார்: “எங்கம்மாவ நான் ஒரு நாளும் நீங்கன்னு கூப்பிட்டதில்ல. நீங்க கூப்பிட்டிருக்கீங்களா தம்பி?”

அவர் பேசாமல் பிசைந்தார்.

“நன்றி சொல்றப்ப நீர்னு வரும். வயித்தெரிச்சல்ல அதெல்லாம் வராது.”

அவர் ஊரில் ‘நீர்’ டீக்கடைச் சொல். எங்கவே போறீரு, வாரும், இரியும் என்று நாளெல்லாம் காதில் விழும். ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871-ல் முழுமையாக வெளிவந்த வேதாகமத்தில் கடவுளை அழைக்கும் அதே ‘நீர்’, நெல்லைக்காரர் நாக்கில் தோழமையும் மரியாதையும் கலந்து நிற்கும். உறையூரிலோ ஞாயிற்றுக்கிழமை தவிர அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை. பாட்டி வீட்டுப் பாஷைக்கு இறங்க வேண்டுமென்றால் ‘நீ’ என்றுதான் வர வேண்டும். முப்பது வருஷம் இலக்கணம் நடத்தியவருக்கு இது இலை முன்னால்தான் உறைத்தது.

‘அப்பா’வும் அப்படித்தான். இயேசு பேசிய அரமேய மொழியில் தகப்பனை அழைக்கும் சொல்லை, புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் எழுதியவர்கள் மூன்று இடங்களில் அந்த ஒலியோடே விட்டுவைத்தார்கள்: மாற்கு 14, ரோமர் 8, கலாத்தியர் 4. தமிழில் படிக்கும்போது அது வேற்றுமொழிச் சொல் என்றே தெரிவதில்லை. மாற்குவில் அந்தச் சொல் வருவது கெத்செமனே தோட்டத்தில். மறுநாள் சாவு என்று தெரிந்த ஒருவர், இந்தப் பாத்திரத்தை என்னைவிட்டு எடுக்கக் கூடாதா என்று தகப்பனிடம் மன்றாடும் இரவு அது. லெந்து தோறும் அந்தப் பகுதியைச் சபையில் நிறுத்தி நிதானமாக வாசித்தவர் ஆசிரியர்தான். அதில் இருந்த பயத்தை அன்றுதான் கேட்டார்.

வெளியே மேளச் சத்தம் எழுந்து அடங்கியது. கடவுளிடம் இப்படி நெருங்கிப் பேசுவதுதான் இந்த ஊரின் வழக்கமோ என்று தோன்றியது அவருக்கு. வெக்காளியம்மன் தலைக்கு மேல் கூரை கிடையாது. வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருக்கும் அவளிடம் ஜனங்கள் தங்கள் குறையைத் தாளில் எழுதி வைக்கிறார்கள். இங்கே பிறந்த திருப்பாணாழ்வார் குலத்தின் பெயரால் தென்கரையிலேயே நின்று அரங்கனைப் பாடியவர். அவரை லோகசாரங்க முனிவர் தோளில் சுமந்துகொண்டு போய்ச் சந்நிதியில் விட்டதாக வரலாறு. வகுப்பில் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

“அவன் நம்பர் இருக்கு. நீங்களும் ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்” என்று பாட்டி போனை நீட்டினார். எண் பெரிய எழுத்தில் ஒரு காலண்டர் தாளில் இருந்தது. ஆசிரியர் கையைத் துடைத்துக்கொண்டு போட்டார். மணி போனது. முழுசாகப் போய்த் தானாகவே நின்றது.

இன்னொரு முறையும் போட்டார்.

பாட்டி சுவர்ப் பக்கம் திரும்பினார். “கேட்டுக்கிட்டுத்தானே இருக்க?” என்று பலகையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ரசத்துக்குச் சோறு போடக் குனிந்தார்.