இறக்கையில் 50 கிராம்
உடுமலைப் பக்கம் எங்கள் தோட்டம். மாட்டுக்கொட்டகை விளக்குக்காகப் போட்ட சின்னக் காற்றாலை, ஆடிக்காற்றில் கம்பத்தோடு அதிர ஆரம்பித்தது. கீழே கறவை மாடுகள். கம்பத்து போல்ட்டை எத்தனை முறை முறுக்கினாலும் இளகியது.

பேரிங்கைத்தான் எல்லோரும் குறை சொன்னார்கள். லேத் பட்டறைக்காரர் மட்டும், "இறக்கையைக் கழற்றுங்க" என்றார். மூன்று இறக்கைகளையும் சேர்த்தே, படுக்கைவாட்டுத் தண்டில் தாராளமாகச் சுழலும்படி மாட்டினோம். விடும்போதெல்லாம் ஒரே இறக்கைதான் கீழே வந்து நின்றது. அதுதான் கனம். எதிர்ப்பக்கம் நடுத்தட்டில் ஈயத்துண்டை வைத்துப் பார்த்து, எப்படி விட்டாலும் அசையாமல் நின்ற பிறகு போல்ட் போட்டு இறுக்கினோம்.

கொஞ்சம் எடைதானே என்பீர்கள். மையத்திலிருந்து 1 மீட்டரில் 50 கிராம் கூடினாலே, நிமிடத்துக்கு 300 சுற்றில் சுமார் 5 கிலோ இழுவை. வேகம் இரட்டித்தால் நான்கு மடங்கு!

அதன்பிறகும் அதிர்ந்தால், இறக்கை நுனிகளுக்கு இடையிலான மூன்று தூரமும் சமமா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள்.