எளாவூருக்கு எத்தனை எழுத்து?

மக்களே, எங்க ஊர் எளாவூர். இதுல எத்தனை எழுத்து? எ, ளா, வூ, ர். நாலு. ஆனா ஜாவாஸ்கிரிப்ட்ல லெங்த் கேட்டா ஏழுன்னு வரும். ளா-வோட கால், வூ-வோட ஊகாரக் குறி, ர் மேல இருக்கிற புள்ளி, மூணையும் அது தனியா எண்ணுது.

"அதனால என்ன?"ன்னு கேக்கலாம். ஒரு ஃபார்ம்ல ஊர் பேருக்கு மேக்ஸ்லெங்த் 10-ன்னு வச்சுப் பாருங்க. எட்டே எழுத்துள்ள கும்மிடிப்பூண்டி, "கும்மிடிப்"போட நின்னுடும்.

ஃபைனல் இயர் வந்தாச்சு. வீட்டுல, "பக்கத்துலயே சிப்காட் இருக்கு, ஏதாவது கம்பெனில சேர்ந்துடு"ங்கிறாங்க. அதுல தப்பில்ல. எங்க பக்கம் பல வீட்டு அடுப்பு அந்த ஷிஃப்ட் சம்பளத்துலதான் எரியுது. நான் வெப் டெவலப்பர் ஆகணும்னு ஜூன் வரைக்கும் டைம் கேட்டிருக்கேன். அதுக்குள்ள எதைப் படிக்கிறதுங்கிறதுதான் இப்போ பெரிய கேள்வி.

ஜேக்வெரி 2006-ல வந்தது, ரியாக்ட் 2013-ல. நாளைக்கு வேற ஒண்ணு வரும். 1995-ல பிறந்த ஜாவாஸ்கிரிப்ட்தான் இன்னும் அடியில ஓடுது. ரியாக்ட் படிங்க, ஆனா அந்த அடியை விட்டுடாதீங்க.

ரெஸ்யூம்ல எல்லாரும் டு-டூ லிஸ்ட்தான் போடுறோம். பதிலா, தமிழ்ப் பேரை வெட்டாத ஒரு ஃபார்ம் செஞ்சு பாருங்க. இன்ட்ல் டாட் செக்மென்ட்டர்னு ஒரு வசதி பிரவுசர்லயே இருக்கு. அது எளாவூரைச் சரியா நாலுன்னு எண்ணும். இன்டர்வியூல "இதை ஏன் செஞ்சீங்க?"ன்னு கேட்டா, யூட்யூப்ல பார்த்தேன்னு சொல்ல வேண்டியதில்ல. சொந்தமா ஒரு பதில் இருக்கும்.