ஏறுவதற்கு ஒன்று, போவதற்கு ஒன்று

உளுந்தூர்ப்பேட்டையில் திரும்பி சேலம் சாலையைப் பிடித்ததும் மாமாவின் வண்டி முன்னால் போய்விட்டது. அவருடையது சூப்பர் மீட்டியோர் 650. நான் ஓட்டியது ஹிமாலயன் 450. இரண்டுமே சென்னையில் வேரூன்றிய ராயல் என்ஃபீல்டின் வண்டிகள். ஆனால் அது குரூசர். இது மலையும் மண்சாலையும் தாண்டி நெடுந்தூரம் போவதற்கென்று செய்த டூரிங் வகை. குரூசர் என்றாலே எனக்குக் கொஞ்சம் இளக்காரம்தான். காலை முன்னால் நீட்டி, கையை அகட்டி, சாய்ந்து உட்கார்ந்து போகும் அது ஊருக்குக் காட்டுகிற வண்டி, ஊர் போய்ச் சேருகிற வண்டி அல்ல என்பது என் கட்சி.

கள்ளக்குறிச்சி தாண்டி ஒரு டீக்கடையில் சாவியை மாற்றிக்கொண்டோம். என் கட்சி ஆட்டம் கண்டது அங்கேதான். நூறு கிலோமீட்டர் வேகத்தில் அந்த 648 சிசி எஞ்சின் உழைப்பதாகவே தெரியவில்லை. முன்னால் லாரி வந்தால் கியரைக் குறைக்க வேண்டியதில்லை. ஆக்ஸிலரேட்டரை லேசாகத் திருகினால் போதும், 52 நியூட்டன் மீட்டர் இழுவை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறது. அதன் துடிப்பில் ஒரு தாளக்கணக்கு இருக்கிறது. இரண்டு சிலிண்டர்களும் சம இடைவெளியில் வெடிப்பதில்லை. கிராங்க் 270 பாகை சுழன்றதும் இரண்டாவது வெடிக்கிறது. மறுபடி முதலாவது வெடிக்க இன்னும் 450 பாகை சுழல வேண்டும். குட்டையும் நெட்டையுமான இந்த இடைவெளிகள்தான் அந்த உறுமலுக்குக் காரணம். ஹிமாலயனின் 452 சிசி எஞ்சினுக்கு ஒற்றை சிலிண்டர். 40 குதிரைத்திறனை முழுதாகக் கொடுக்க அது நிமிடத்துக்கு 8000 சுழற்சி வரை போகும். ‘விரட்டு, விரட்டு’ என்று கேட்டுக்கொண்டே இருக்கிற எஞ்சின் அது. ஆத்தூர் வரைக்கும் எனக்கு விரட்டத் தோன்றவேயில்லை. சாலையோரத்து மக்காச்சோளக் காடுகளைப் பார்த்துக்கொண்டே போனேன்.

சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளியில் அவரவர் வண்டிக்குத் திரும்பினோம். அங்கிருந்து கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. பத்தாவது வளைவுக்குள்ளேயே மாமாவின் முகம் இறுகிவிட்டது. குரூசர் நீளம் அதிகம், அதனால்தான் வளையவில்லை என்றுதான் பலரும் நினைப்பார்கள். இரண்டு வண்டிகளிலும் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள்: அதில் 1500 மில்லிமீட்டர், இதில் 1510. அந்தத் தூரத்தில் என் வண்டிதான் ஒரு விரலளவு கூடுதல்! வேறுபாடு உயரத்தில் இருக்கிறது. அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி அதில் 135, இதில் 230. குரூசரைச் சாய்த்தால் ஃபுட்ரெஸ்ட் சீக்கிரமே தாரைத் தொட்டுவிடும். எனவே சாய்க்காமல், வேகத்தைக் கொன்று, சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு திருப்ப வேண்டும். 241 கிலோ எடையை எழுபது முறை அப்படித் திருப்புவதென்றால் தோள்பட்டை பேசத்தான் செய்யும்.

பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டினார் மாமா. சண்டை அங்கே வந்தது.

“வளைவுக்குன்னு வண்டி வாங்குனா வருஷத்துக்கு ரெண்டு நாள்தான் ஓட்டலாம், மருமகனே.”

“ஹைவேஸுக்குன்னு வாங்குனா பாதித் தமிழ்நாட்டப் பாக்க முடியாது, மாமா.”

அதற்குப் பிறகு செம்மேடு வரைக்கும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

செம்மேட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வந்தார். வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு மளிகைப் பை. பஸ் போய்விட்டது, தம் ஊர் வரை கொண்டுவிட முடியுமா என்று கேட்டார். நான்தான் முந்திக்கொண்டு என் வண்டியைக் காட்டினேன். அவர் கிட்டே வந்து பின் சீட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அது அவர் இடுப்புக்கு மேலே இருந்தது. “இதுல எப்படித் தம்பி கால் போடறது?” என்று சொல்லிவிட்டு மாமாவின் வண்டிக்கு நடந்தார். துண்டால் சீட்டை ஒரு தட்டுத் தட்டி, பையை மடியில் வைத்து, நாற்காலியில் அமர்வதுபோல் உட்கார்ந்தார். மாமா என்னைப் பார்த்த பார்வையில் எழுபது வளைவுக்கும் வட்டி இருந்தது.

கொஞ்ச தூரத்திலேயே தார் முடிந்தது. மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே ஜல்லி பெயர்ந்த பாதை. ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று ஓட்டினேன். சக்கரம் கீழே குதியாட்டம் போட்டது; முழங்கால் மடங்கி நிமிர்ந்து பாதி அதிர்வை வாங்கிக்கொண்டது. முன்னால் போன குரூசரில் நிலைமை வேறு. கால் முன்னால் நீண்டிருப்பதால் சட்டென்று எழுந்து நிற்க முடியாது. உடம்பின் பாரமெல்லாம் முதுகின் அடியில் இறங்குகிறது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெரியவர் ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தார்.

வீட்டு வாசலில் மெதுவாக இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வண்டிகளையும் மறுபடி ஒருமுறை பார்த்தார். “ஏறி உக்கார இதுதான் தோது. எங்க ரோட்டுக்கு அந்த வண்டிதான் தோது” என்றார்.

காலையிலிருந்து நாங்கள் தனித்தனியாக அடித்துக்கொண்டிருந்த இரண்டு சங்கதிகளையும் அவர் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். அவை உண்மையில் ஒன்றுதான். பள்ளத்தில் விழுந்த சக்கரம் மேலே எழும்ப சீட்டுக்கடியில் இடம் வேண்டும். ஹிமாலயனில் பின் சக்கரம் 200 மில்லிமீட்டர் ஏறி இறங்கலாம்; அதனால் ஓட்டுபவரின் சீட் 825 உயரத்தில் இருக்கிறது. சூப்பர் மீட்டியோரில் சீட் 740தான். அதற்கு ஈடாகப் பின் சக்கரத்துக்குக் கிடைப்பது 101. முதுகில் அடிக்கிற சீட்டும் ‘வா, உட்கார்’ என்று தாழ்ந்து வரவேற்கிற சீட்டும் ஒரே சீட். வடிவமைத்தவர் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை எடுத்துக்கொள்கிறார்.

திரும்பிப் புறப்படும்போது மாமாவைக் கவனித்தேன். டாங்கில் ஒரு கையை ஊன்றி, வலது காலை மெதுவாகச் சீட்டுக்கு மேல் கொண்டுபோனார். அவருக்கு மூட்டுவலி வந்து நாளாகிறது. இரண்டு பாதங்களும் தரையில் அழுந்தப் பதிந்த பிறகுதான் அவர் தோள்கள் தளர்ந்தன. அந்த 740 மில்லிமீட்டர் இல்லையென்றால் அவர் மோட்டார் சைக்கிளையே விட்டிருப்பார். மருமகனோடு மலையேற வந்திருக்க மாட்டார்.

மலைச்சாலைகளைத் தேடிப் போகிறவன் என்ற முறையில் என் தேர்வு இன்னமும் ஹிமாலயன்தான். ஆனால் வாங்கப்போகும் யாராவது என்னிடம் கேட்டால், எஞ்சின் கணக்கை இரண்டாவதாகத்தான் சொல்வேன். முதலில், பின்னால் உட்காரப்போகிறவரையும் ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். அவர் ஏறி இறங்குவதைப் பாருங்கள். பிறகு டெஸ்ட் ரைடுக்கு நல்ல சாலையைத் தேடாமல், உங்கள் தெருவின் மோசமான பள்ளத்துக்கு அவரோடு ஓட்டிப்போங்கள். சொகுசு எது என்று அவர் சொல்லட்டும்.