இரண்டு பேர் அடித்த மட்காட்

சோப்புக் கட்டியில் இருந்து தொடங்குகிறேன். அலுமினியத் தகடு அடிக்க அடிக்க இறுகும். இறுகியதை மேலும் அடித்தால் வெடிக்கும். ஆகவே இடையிடையே சூடாக்கி இளக்க வேண்டும். இரும்பென்றால் சிவந்து காட்டும். அலுமினியம் ஒன்றையும் காட்டாது. 660 பாகையில் உருகும்வரை அதே வெள்ளை நிறந்தான், அடுத்த நொடி தகட்டின் நடுவில் ஓட்டை விழுந்திருக்கும். அதனால் உடுப்புத் தோய்க்கும் சோப்பை எடுத்துத் தகட்டின் மேல் கோடு கோடாகத் தேய்த்துவிட்டு, சுவாலையை அகலமாக்கி, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டுவோம். சோப்புக் கோடு முதலில் தேன் நிறமாகும், பிறகு தேயிலைச் சாய நிறம். கறுக்கத் தொடங்கும்போது சுவாலையை எடுத்துவிட வேண்டும். தகடு இளகிவிட்டது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக இந்த வேலையைச் செய்கிறேன். இன்றைக்கும் சோப்புக் கோடு இழுக்காமல் நான் ஒரு தகட்டைச் சூடாக்குவதில்லை.

என் தொழிலுக்கு இத்தாலியில் பத்திலாஸ்த்ரா என்று பெயர். தகடு அடிப்பவர் என்று பொருள். எங்கள் ஊரில் ரிங்கர் பாஸ் என்போம். யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் கார்களுக்கு மட்காட் அடித்துத்தான் நான் சுத்தியல் பிடிக்கப் பழகினேன். பொருளாதாரத் தடைக் காலம் அது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின, தகடு கிடைக்கவில்லை. தார்ப் பீப்பாவை வெட்டி விரித்து, அதில் மட்காட் செய்தோம். அந்தப் பீப்பாத் தகடு எனக்கு நல்ல பலத்தையும் சில கெட்ட பழக்கங்களையும் தந்தது. 1997இல் மொடெனாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கார்ப் பட்டறையில் கூட்டித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டையும் கையோடு கொண்டுதான் போனேன்.

அங்கே இருந்த பெரியவரை எல்லாரும் மாஸ்ட்ரோ என்பார்கள். சிறுவனாக இருந்தபோதே, ஐம்பதுகளில், மொடெனாப் பட்டறைகளில் தகடு அடிக்கத் தொடங்கியவர். மணல் நிரப்பிய தோல்பை, மரக்குற்றி, பேரிக்காய் வடிவ மரச் சுத்தியல், இவற்றை வைத்துக்கொண்டு கண்ணளவில் பந்தயக் கார்களின் உடலை அடித்த தலைமுறை அது. பெராரிக் கார்களுக்கு உடல் செய்த ஸெர்ஜியோ ஸ்காலியெத்தியும் அப்படி மணல் பையில் அடித்து வந்தவர்தான். அவர் பெயரை உலகம் அறியும். எங்கள் மாஸ்ட்ரோவின் பெயரைப் பட்டறைக்கு வெளியே நாலு பேர் அறிந்திருந்தால் அதிகம். அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை.

நான் சேர்ந்த ஆறாம் மாதம் ஒரு கதவின் அடிப்பகுதியைச் சரிசெய்யத் தந்தார். அலுமினியக் கதவு. நெளிவின் பின்னால் டொலி என்ற தாங்கு இரும்பைப் பிடித்து, மொறிஸ் மட்காட்டை அடித்த அதே விசையில் அடித்தேன். நெளிவு போய்விட்டது. ஆனால் உள்ளங்கையால் அழுத்தினால் கதவு ‘டபக்’ என்று உள்ளே போனது, விட்டால் ‘டபக்’ என்று வெளியே வந்தது. டொலிக்கும் சுத்தியலுக்கும் நடுவில் தகடு நசுங்கி நீண்டுவிட்டது. நீண்ட தகட்டுக்கு இருக்க இடமில்லை, அதனால்தான் குதிக்கிறது. மாஸ்ட்ரோ ஏசவில்லை. ஒரு சாணளவு அலுமினிய வட்டத்தை வெட்டித் தந்து, இதைக் கிண்ணமாக்கு என்றார். மூன்று மாதம் கிண்ணந்தான் அடித்தேன்.

கிண்ணத்தில் எல்லாம் இருக்கிறது, தம்பிமாரே, தங்கைமாரே. நடுவில் அடித்தால் தகடு மெலிந்து கிழியும். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே வரவேண்டும். ஓரம் சேலைக் கொசுவம்போலச் சுருங்கும். அந்தச் சுருக்கு மடிந்து ஒன்றன்மேல் ஒன்று படுக்கும் முன் அதைத் தட்டி உள்ளே அமுக்கிவிட்டால் அந்த இடத்தில் தகடு தடிக்கும். படுத்துவிட்டால் வெடிக்கும், அதற்குப் பரிகாரம் இல்லை. தகட்டை நீட்டுவது எவராலும் முடியும், சுருக்குவதுதான் தொழில். மாஸ்ட்ரோ பக்கத்தில் நின்று பார்க்கமாட்டார். பட்டறையின் மறுகோடியில் தன் வேலையைச் செய்துகொண்டே “அஸ்கோல்தா!” என்று கத்துவார். கேள் என்று அர்த்தம். அடியின் சத்தத்தைத்தான் கேட்கச் சொன்னார். டொலியின் வளைவு தகட்டின் வளைவோடு பொருந்தியிருந்தால் சுத்தியல் மணிபோல ஒலிக்கும். பொருந்தாவிட்டால் மொத்தென்று விழும். அவர் அந்தத் தூரத்தில் இருந்தே என் டொலி தவறென்று கண்டுபிடித்துவிடுவார்.

2003இல் ஒரு மஸராட்டி 3500 ஜிடி வந்தது. அந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மஸராட்டி அதுவரை பந்தயக் கார்களில் பெயர் எடுத்த கொம்பனி. வீதிக்குச் செய்த கார்கள் மிகச் சில. 1957இல் ஜெனீவாக் கண்காட்சியில் இந்த 3500 ஜிடியைக் காட்டினார்கள். அந்த வருட முடிவில் கொம்பனி பந்தயத்தை விட்டது, இந்தக் கார்தான் அதைத் தாங்கிப் பிடித்தது. எஞ்சின் ஜூலியோ அல்ஃபியெரியுடையது. ஆறு சிலிண்டர் ஒரே வரிசையில், 3,485 சிசி, சிலிண்டருக்கு இரண்டு பிளக், மூன்று வெபர் காபரேற்றர், 220 குதிரைவலு. ஜிடி என்பது கிரான் துரிஸ்மோ. இரண்டு பேர் நல்ல உடுப்போடும் பெட்டியோடும் ஏறி, மலை தாண்டி, நாடு தாண்டி, ஒரே நாளில் களைப்பில்லாமல் போய் இறங்குவதற்கான கார். மிலானோவில் இருந்து நாப்போலி வரைக்குமான நெடுஞ்சாலையை அப்போதுதான் போடத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சாலைக்கு ஏற்ற கார் இது.

உடல் மிலானோவின் கரோட்சேரியா டூரிங் செய்தது. பொனற்றில் ‘சூப்பர்லெஜேரா’ என்று சாய்ந்த எழுத்தில் போட்டிருக்கும். மிக இலேசானது என்று பொருள். 1936இல் டூரிங்காரர் காப்புரிமை எடுத்த முறை அது. சுண்டுவிரல் தடிப்புள்ள இரும்புக் குழாய்களை வளைத்துக் காரின் உருவத்தில் ஒரு கூடு கட்டுவார்கள். அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தி, ஓரங்களைக் குழாயைச் சுற்றி மடித்துவிடுவார்கள். எங்கள் நாட்டில் மூங்கில் சட்டத்தில் கடதாசி ஒட்டிக் கட்டும் வெசாக் கூட்டை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதுதான். இங்கிலாந்தின் அஸ்ரன் மார்ட்டினும் டிபி4 காருக்கு இதே முறையை உரிமத்தில் வாங்கிக்கொண்டது.

அழகான முறை. அதற்குள்ளேயே அதன் நோயும் இருக்கிறது. இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அது ஒரு சின்னப் பற்றரி. அலுமினியம் கரையும். தொடாமல் இருக்க இடையில் துணி சுற்றியிருப்பார்கள். நாற்பது வருடத்தில் அந்தத் துணி தண்ணீரை உறிஞ்சிப் பிடித்து வைக்கும் பஞ்சாகிவிடும். அந்தக் காரின் பின்சக்கர வளைவின் மடிப்பை நான் மரக் கத்தியால் மெல்ல விரித்தபோது, உள்ளே இருந்து கோதுமை மாவுபோல வெள்ளைத் தூள் கொட்டியது. அது ஒருகாலத்தில் தகடாக இருந்தது. குழாய் துருப்பிடித்துப் பருத்து, விரல் நகத்தால் சுரண்டினால் இதழ் இதழாக வந்தது. பார்வைக்கோ கார் பளபளவென்று இருந்தது. மேலே பூசியிருந்த பட்டி சில இடங்களில் விரல் தடிப்பு. தகடு இல்லாத இடத்தில் பட்டியே தகடாக நின்றது.

இப்படியான காரில் பெயின்றை மணல் வீசிக் கழற்றக்கூடாது. மணல் ஒவ்வொன்றும் ஒரு குட்டிச் சுத்தியல். தகடு முழுவதும் நீண்டு அலையும். மருந்து பூசி, கையால் சுரண்டி, நாலு வாரம் எடுத்தோம். கழுவி முடித்ததும் உட்பக்கம் எல்லாம் பழைய சுத்தியல் தடங்கள் வெளிப்பட்டன. நான் பிழை செய்தது அப்போதுதான்.

முன்விளக்குகளுக்கு மேலே மட்காட் புருவம்போல வளைந்து வரும் இடத்தில் வலது பக்கம் இடதைவிடத் தாழ்வாக இருந்தது. பழைய விபத்து என்று எடுத்துக்கொண்டேன். இடது பக்கத்துக்கு மட்டையில் அச்செடுத்து, அதைத் திருப்பி வலதில் வைத்துப் பார்த்துப் பார்த்து, மூன்று நாளில் வலதை இடதுக்குச் சமமாகத் தூக்கினேன். நல்ல வேலை. ஒரு கோணல் இல்லை. மாஸ்ட்ரோவைக் கூப்பிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் இரண்டு மட்காட்டில் வைத்து முன்னிருந்து பின்னுக்கு இழுத்தார். பிறகு கைவிளக்கை எடுத்து என்னைக் காரின் கீழே படுக்கச் சொன்னார்.

இடது மட்காட்டின் உட்பக்கத்தில் தடங்கள் சின்னதாக, வட்டமாக, நெருக்கமாக இருந்தன. வலதில் நீளமாக, அகன்று, எதிர்த்திசைக்குச் சாய்ந்து கிடந்தன. வலது பக்கத்தை அடித்தவர் இடதுகைக்காரர். “இதை இரண்டு பேர் செய்திருக்கிறார்கள். அதில் ஒருவரை நீ வீட்டுக்கு அனுப்பிவிட்டாய்” என்றார் மாஸ்ட்ரோ. அவ்வளவுதான் சொன்னார். கார் வந்த அன்றே கையால் தடவிப் பார்த்துத் தன் கொப்பியில் குறித்து வைத்திருந்தார்: வலது, ஆறு மில்லிமீற்றர் தாழ்வு.

அந்த ஆறு மில்லிமீற்றரைத் திரும்ப இறக்க எனக்கு ஒன்பது நாள் எடுத்தது. நான் தூக்கிய தகடு நீண்டிருந்தது, அதைச் சுருக்க வேண்டும். சோப்புக் கோடு, சூடு, மரச் சுத்தியல், ஈரத்துணி, மீண்டும் சோப்பு. “பியானோ, பியானோ” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மெல்ல, மெல்ல. புருவம் தன் பழைய இடத்துக்கு வந்தது. ஆனால் அந்த இடத்தில் இப்போது இருப்பது என் தடம். இடதுகைக்காரருடையதில் ஒரு சாண் நீளத்தை நான் அழித்துவிட்டேன், அதைத் திரும்பக் கொண்டுவர எந்தக் கையாலும் முடியாது. அன்றில் இருந்து எந்தக் கார் வந்தாலும் முதல் வாரம் நான் சுத்தியலைத் தொடுவதில்லை. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியே மட்டை அச்சு எடுப்பேன், வித்தியாசங்களை எழுதுவேன். கையால் செய்த காரின் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் இடையில் யாரோ என்னைப்போல் ‘திருத்தியிருக்கிறார்’ என்றே சந்தேகப்படுகிறேன்.

வெல்டிங் பற்றியும் ஒன்று. அலுமினியத்தைக் காஸில் ஒட்டும்போது வெள்ளை மருந்து பூசுவோம். ஒட்டுக் கம்பிக்கு அதே தகட்டின் ஓரத்தில் இருந்து மெல்லிய கீற்று வெட்டிக்கொள்வது நல்லது, நிறமும் குணமும் ஒன்றாக இருக்கும். ஒட்டி முடித்ததும் சுடுதண்ணீரும் பிரஷும் கொண்டு மருந்தைக் கடைசித் துளிவரை கழுவ வேண்டும். ஒருமுறை நான் ஓரத்தைக் குழாயில் மடித்த பிறகு, மடிப்புக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மருந்து மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. எட்டு மாதம் கழித்துக் கார் திரும்பி வந்தது, புதுப் பெயின்றில் வரிசையாகக் கொப்புளம். அத்தனையையும் என் செலவில் உடைத்து, விரித்து, கழுவி, மீண்டும் செய்தேன். முதலில் ஒட்டு, பிறகு கழுவு, பிறகுதான் மடி.

மேற்பரப்பு சரியா என்று பார்க்கக் கண்ணை நம்பாதீர்கள். மெல்லிய பருத்திக் கையுறை போட்டு, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, நீளவாக்கில் இழுங்கள். வெறும் கை வியர்வையில் ஒட்டும், துணி வழுக்கும். கையுறைக்குள் இருக்கும் கை ஒரு தலைமயிரின் மேட்டைக்கூடச் சொல்லும். அதன்பிறகு தகட்டை நனைத்து, நீளமான ரியூப் லைற்றின் கீழ் தலையைச் சாய்த்துப் பாருங்கள். விளக்கின் கோடு தண்ணீரில் நெளியாமல் ஓட வேண்டும். அதற்குப் பிறகும் நெளிந்தால் பட்டிக்குக் கை போகும். போகக்கூடாது. அரத்தை எடுத்து ஒருமுறை லேசாக இழுத்தால் மேடு மினுங்கும், பள்ளம் மங்கலாக நிற்கும். பள்ளத்தைப் பின்னால் இருந்து உயர்த்துங்கள்.

அந்த மஸராட்டிக்கு மேலே மூன்று அடுக்குச் சிவப்பு இருந்தது. கதவுக் கீலைக் கழற்றியபோது அடியில் சாம்பல் கலந்த வெள்ளி நிறம் கிடைத்தது. அதுதான் பிறந்த நிறம். கீலில் அடித்திருந்த உடல் இலக்கம் பொனற்றில் இருந்ததோடு ஒத்துப்போனது, ஆகவே கீல் வேறு காரில் இருந்து வந்ததல்ல. இத்தாலியக் கார் என்றால் சிவப்பு என்று உரிமையாளர் பிடிவாதமாக நின்றார். சிவப்பு பந்தயக் காருக்கு. மாலை உடுப்போடு ஏறிப் போகிற காருக்கு இந்த அடங்கிய வெள்ளிதான் பொருத்தம் என்பது என் துணிபு. கீலின் அடியில் இருந்த நிறத்தைக் காட்டிய பிறகு அவரும் மறுக்கவில்லை.

இரண்டரை வருடத்தில் வேலை முடிந்தது. கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள், பரிசு வந்ததாகச் சொன்னார்கள். நான் போகவில்லை, அடுத்த கார் குற்றியில் ஏறிவிட்டது. மாஸ்ட்ரோ அதன்பின் நாலு வருடம் பட்டறைக்கு வந்தார். அவருடைய பேரிக்காய்ச் சுத்தியல் இப்போது என்னிடம் இருக்கிறது. பிடியில் அவருடைய பெருவிரல் தேய்த்த பள்ளம் என் விரலுக்குப் பொருந்தாது. ஆனாலும் பிடியை மாற்றவில்லை.

படிக்க வருகிற பிள்ளைகள் என்னிடம் எந்த எந்திரம் வாங்குவது என்று கேட்கிறார்கள். ஒரு மரச் சுத்தியல், மணல் நிரப்பிய தோல்பை, ஒரு கட்டிச் சோப்பு, ஒரு சாண் அகல அலுமினிய வட்டம். இவ்வளவும் போதும், கிண்ணம் அடியுங்கள். முதலாவது கோணலாகத்தான் வரும், எறிந்துவிடாதீர்கள். அடியில் திகதியைக் கீறி வையுங்கள். என்னுடையதில் 1997 ஒக்டோபர் என்று இருக்கிறது. பட்டறை யன்னலில் வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துப் பார்க்கலாம்.